வெள்ளிக்கிழமை வெளக்கின மணல்

அந்தக் குழாயில புடிக்காதீங்க தம்பி. அட, சொல்றேன்ல, மொதல்ல பாட்டிலை எடுங்க. இப்பத்தான் ஒருத்தன் அதுல வாயைக் கொப்புளிச்சான். கொப்புளிச்சுட்டுப் பல்லு செட்டைக் கழட்டி அந்தக் குழாய் மூக்குலயே காட்டிக் கழுவிட்டுப் போறான். காலையில இருந்து நான் இங்கனதான் உக்காந்திருக்கேன், கண்ணு அந்தக் குழாய் மேலதான். எச்சித் தட்டு அதுல, புள்ளைக்குக் கால் கழுவுறது அதுல, குடிக்கப் புடிக்கிறதும் அதுல. எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது.

உக்காருங்க. இந்தப் பக்கம் உக்காருங்க, அங்கிட்டு எவனோ வெத்தலையைத் துப்பி வச்சிருக்கான். ஆஸ்பத்திரிச் செவருன்னு இல்லை, கோயில் செவரா இருந்தாலும் நம்ம ஆளுக துப்பத்தான் செய்வாய்ங்க. உங்களுக்கு உள்ள யாரு? அப்பாவா? கால் முறிஞ்சிருச்சா? அதுக்கென்ன, கட்டுப் போட்டா கூடிரும். எலும்பு முறியிறது சுத்தமான வியாதி தம்பி. நம்மளது அப்படியில்லை.

எம் பொண்டாட்டி உள்ள கெடக்கா, பஞ்சவர்ணம். திங்கக்கிழமை வயித்தால போக ஆரம்பிச்சுது, இன்னும் நிக்கலை. புதன்கிழமை கொண்டாந்து சேத்தேன். ஆறு மாசத்துல இது மூணாவது தடவை. சேத்த அன்னைக்கு டாக்டரம்மா வந்து அவ கைத்தோலைக் கிள்ளிப் பாத்துச்சு. கிள்ளின எடம் கிள்ளின மாதிரியே நிக்குது, பழையபடி படியலை. "ஒடம்புல தண்ணியே இல்லைங்க. கிட்னியைத் தொட்டுருச்சுன்னா எங்க கையில ஒண்ணுமில்லை"ன்னு சொல்லிருச்சு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. முப்பத்திரண்டு வருசம் கூட இருந்தவ. அவ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியலை.

எப்படி வந்துச்சுன்னுதான் புரியலை. ஏன்னா அவ குடிக்கிற தண்ணி இதுதான். இந்தா, இந்தக் கேனைத் தூக்கி வெளிச்சத்துல பாருங்க. ஒரு தூசி இருக்கா? காலையில மொத பஸ்ஸுல ஊர்ல இருந்து கொண்டாந்தேன். இதுக்கு மேல சுத்தமான தண்ணி இந்த ஜில்லாவுல கெடையாது. சும்மா சொல்லலை, கேளுங்க.

என் பேரு முத்திருளாண்டி. ஊரு நரியேந்தல். பஸ்ஸு ஊருக்குள்ள வராது, முக்கு ரோட்டுல எறங்கி ஒண்ணரை மைல் நடக்கணும். நான் இருபத்தாறு வருசம் மதுரையில ஒரு பெரிய ஹோட்டல்ல இருந்தேன். சமையல்ல இல்லை, பாத்திரம் கழுவுற எடத்துக்கு மேஸ்திரி. சிரிக்காதீங்க. ஹோட்டலுக்கு உசுரே அந்த எடந்தான். நான் பாக்காம ஒரு டம்ளர் வெளிய போகாது. வெரலை வச்சு இழுப்பேன், கீச்சுன்னு சத்தம் வரணும். வழுக்குச்சுன்னா திருப்பிப் போடுவேன். கீச்சுன்னா சுத்தம், வழுக்குனா அழுக்கு. இம்புட்டுத்தான் விசயம், இதுக்கு எவனும் காலேஜுக்குப் போக வேண்டியதில்லை.

அப்படி இருந்தவன் ஊருக்குத் திரும்பி வந்து எங்க ஊருணித் தண்ணியைப் பாத்தேன் பாருங்க! குடிக்கிற ஊருணிதான். செருப்புக் காலோட ஒருத்தரும் எறங்க மாட்டாய்ங்க, அதுல மட்டும் எங்க ஆளுக ரொம்பக் கட்டுப்பாடு. ஆட்டுக்கு அந்தக் கட்டுப்பாட்டை யாரு சொல்றது? அது எறங்கிக் குடிக்கும், குடிச்ச எடத்துலயே புழுக்கையைப் போடும். தண்ணி டீத்தண்ணி நெறத்துல இருக்கும். பொம்பளைக பழைய சேலைத் துணியை நாலா மடிச்சுக் குடத்து வாயில கட்டி வடிச்சுட்டு, சுத்தமாயிருச்சும்பாளுக. துணி மேல தலைப்பிரட்டை துள்ளும் தம்பி. அதைத் தட்டி விட்டுட்டு அதே துணியில மூஞ்சியைத் தொடைப்பாளுக. சீ! மழைக்காலம் வந்தா தெருவுக்கு நாலு வீட்டுல வயித்தால போகும். நான் வர்றதுக்கு முந்துன வருசம் ஒரு பெரியாளும் ஒரு கைப்புள்ளையும் செத்தே போச்சு.

அப்பத்தான் அந்த டிரஸ்ட் ஆளுக வந்தாக. ஜெசிந்தான்னு ஒரு மேடம், தூத்துக்குடிப் பக்கம், இஞ்சினியருக்குப் படிச்ச பொண்ணு. கரன்டு வேணாம், மோட்டாரு வேணாம், மருந்து வேணாம், மணல் போதும்னுச்சு. ஊருணிக் கரையில ஆள் ஒசரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டுனாக. அடியில கூழாங்கல்லு, அதுக்கு மேல பொடிக்கல்லு, அதுக்கு மேல இடுப்பளவு மணல். அடிபம்புல அடிச்சா ஊருணித் தண்ணி தொட்டி மேல ஏறும். மணல் வழியா மெதுவா எறங்கி, அடியில இருக்குற குழாயில வரும். மணலு மேல எந்நேரமும் ஒரு சாண் தண்ணி நிக்கணும்னுச்சு.

மணலை நல்லாக் கழுவிப் போடணும்னும் சொல்லுச்சு. அங்கதான் அந்தப் பொண்ணை எனக்குப் புடிச்சுப் போச்சு. நான் நின்னேன்ல! ஏழு தண்ணி அலச வச்சேன். ஊரே என்னை வஞ்சுச்சு. ஜெசிந்தா மேடம் மட்டும், "ஐயா மாதிரி ஊருக்கு ஒருத்தர் வேணும்"னு எல்லாரும் கேக்கச் சொல்லுச்சு. தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என் கையில குடுத்துச்சு. இந்தா, அருணாக்கொடியில கெடக்கு பாருங்க. ஒறங்கும்போதும் கழட்டுறதில்லை.

ஆனா சாவியைக் குடுக்கும்போது ஒரு பேச்சுப் பேசுச்சு. "ஐயா, மூணு வாரத்துல மணலு மேல வழுவழுன்னு ஒரு ஆடை படியும். பாலு மேல படியுமே, அந்த மாதிரி. அதைத் தொட்டுறாதீங்க. அதுதான் தண்ணியைச் சுத்தம் பண்றது"ன்னுச்சு.

"வழுவழுப்பாம்மா சுத்தம் பண்ணும்?"னேன்.

"ஆமாய்யா. கண்ணுக்குத் தெரியாத உசுருக அதுல கோடிக்கணக்குல இருக்கு. ஊருணியில இருந்து வர்ற நோய்க்கிருமியை அதுக தின்னுரும். அதை எடுத்துட்டா அப்பறம் வெறும் மணலுதான், தண்ணி பளிச்சுன்னு வரும், கிருமியும் கூடவே வரும்."

"அப்ப புழு தின்ன மிச்சத்தை நாங்க குடிக்கணும்?"

ஊரே கைதட்டிச் சிரிச்சுச்சு. அந்தப் பொண்ணு மொகம் சுருங்கிப் போச்சு. இருந்தாலும் விடலை, திருப்பித் திருப்பிச் சொல்லுச்சு. தண்ணி ரொம்பச் சொட்டுச் சொட்டா வந்தா மட்டும் மேலாக ஒரு வெரல் கனம் வழிச்சு எடுக்கணுமாம். எடுத்துட்டு, ஆடை திரும்பப் படியிற வரைக்கும் ரெண்டு வாரம் அந்தத் தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்கணுமாம். தலையை ஆட்டி வச்சேன். அழுக்குச் சேரட்டும்னு காத்திருக்கச் சொல்ற படிப்பு என்ன படிப்போ, எனக்கு அன்னைக்கே அருவருப்பாப் போச்சு.

அந்தப் பொண்ணு ஊர்ல நடமாடுற வரைக்கும் நான் கையை வைக்கலை. வாராவாரம் வந்து ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி புடிச்சுக்கிட்டுப் போகும். தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கலை. அந்த ஐப்பசி மழைக்கு ஊர்ல ஒருத்தருக்கும் வயித்தால போகலை. அது ஏழு தண்ணி அலசுன மணலோட குணம். என்னைத் திட்டுனவய்ங்கதான் குடிச்சாய்ங்க.

ஐப்பசிக் கடைசியில அவுகளுக்கு வேற ஊர்ல வேலை வந்துருச்சு, போயிட்டாக. போன மக்கா நாளே மூடியைத் திறந்தேன்.

சொல்லக் கூடாது, நீங்க இட்லி கிட்லி சாப்பிட்டிருப்பீங்க. கோழை தம்பி. சளி புடிச்சவன் காறித் துப்புன மாதிரி பழுப்பா, மணலு பூராம் அப்பிக் கெடக்கு. ஒரு வெரலை வச்சேன். வழுக்குச்சு. அப்படியே கரையில உக்காந்து வாந்தியெடுத்தேன். இதைத் தாண்டி வந்த தண்ணியவா ரெண்டு மாசமாக் குடிச்சோம்னு நெனைச்சு நெனைச்சு, அன்னைக்குப் பூராம் எனக்குச் சோறு எறங்கலை.

எங்க பக்கம் வெள்ளிக்கிழமை குடம் வெளக்காம எந்த வீட்டுலயும் தண்ணிக்குப் போக மாட்டாளுக. புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு, மொகம் தெரியிற மாதிரி ஆக்கித்தான் இடுப்புல வைப்பாளுக. தண்ணி வாங்குற குடத்துக்கு அம்புட்டு மரியாதை, தண்ணி குடுக்குற தொட்டிக்கு ஒண்ணுமில்லையா? அந்த வெள்ளிக்கிழமையே எறங்குனேன். தண்ணியைத் திறந்து விட்டுட்டு, மேல் மணலை ரெண்டு சாண் ஆழத்துக்கு அள்ளி வெளிய போட்டேன். செவரைத் தேங்காநார் வச்சுத் தேச்சேன். பஞ்சாயத்து ஆபீசுல பிளீச்சிங் பவுடர் வாங்கியாந்து மணல்ல போட்டுப் பெசைஞ்சேன். அப்பறம் அந்த மருந்து வாடை போற வரைக்கும் ஊருணித் தண்ணியை மொண்டு ஊத்தி ஊத்தி அலசி, திரும்பத் தொட்டியில போட்டேன். சாயங்காலம் பாத்தா மணலு சீனி மாதிரி கெடக்கு. கையில வச்சுத் தேச்சா கீச்சுங்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி.

பஞ்சவர்ணம் கீழ நின்னு, "ஏங்க, அந்த மேடம் தொடக்கூடாதுன்னு சொல்லுச்சுல்ல"ங்கிறா. "ஹோட்டல்ல இருபத்தாறு வருசம் இருந்தது நீயா, நானா?"ன்னு கேட்டேன். அப்பறம் அவதான் தண்ணி மொண்டு குடுத்தா. நல்லவ. எதுத்துப் பேசத் தெரியாது.

அன்னைக்கு இருந்து தண்ணி எப்படி வந்துச்சுங்கிறீங்க! முன்ன ஒரு குடம் நெறையக் கா மணி நேரம் ஆகும், பொம்பளைக வரிசையில நின்னு ஊர்ப் பொரணி பூராம் பேசுவாளுக. இப்ப குடத்தை வச்சுட்டு நிமிர்றதுக்குள்ள நெறைஞ்சுரும். பளபளன்னு வரும். ஊரே மெச்சுச்சு. அதுல இருந்து வாரம் தவறாம வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெளக்குனேன். காய்ச்சல்லயும் வெளக்குனேன். பொங்கல் வெள்ளிக்கிழமை வந்துச்சு, அன்னைக்கும் வெளக்குனேன்.

ஆனா நம்ம சனங்க இருக்கே. கார்த்திகை பொறந்ததும் ஆரம்பிச்சிருச்சு. மேலத்தெருவுல ரெண்டு, கீழத்தெருவுல மூணு, அப்பறம் வீட்டுக்கு வீடு. எல்லாத்துக்கும் வயித்தால போகுது. தொட்டியை நான் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன், அப்பறம் எங்கிருந்து வரும்? கையில இருந்துதான் வரும். குழாயடியில நின்னு ஒவ்வொருத்தியையா கையை நீட்டச் சொன்னேன். நகத்துக்குள்ள அழுக்கு! சாணி அள்ளுன கை! குடத்துக்குள்ள வெரலை விட்டுத் தூக்குற பழக்கம்! வெளக்காத குடத்தோட வந்தவளுகளைத் திருப்பி அனுப்புனேன். என்னைக் கண்டாலே மொணமொணன்னு திட்ட ஆரம்பிச்சாளுக. திட்டட்டும்.

கார்த்திகையிலதான் பஞ்சவர்ணம் மொத தடவை விழுந்தா. எனக்கு அவமானமாப் போச்சு. ஊருக்குச் சுத்தம் சொல்றவன் வீட்டுல இப்படின்னா? அவளையும் நல்லா வஞ்சேன். எங்க போயி எதைத் தின்னேன்னு கேட்டேன். "வீட்டைத் தவிர எங்கயும் வாயே நனைக்கலைங்க"ன்னு அழுதா. நம்பலை நானு.

எங்க எதுத்த வீட்டுல நாகஜோதின்னு ஒருத்தி, ரெண்டு சின்னப் புள்ளைகளை வச்சிருக்கா, புருசன் மலேசியாவுல. வாய் நீளம். மார்கழியில ஒருநா குழாயடியில எல்லாருக்கும் முன்னால, "பெரியப்பா, அந்த மேடம் இருந்தப்ப எம்புள்ளைக நல்லாத்தான் இருந்துச்சுக. நீங்க வெளக்க ஆரம்பிச்சீக, படுக்க ஆரம்பிச்சிருச்சுக. உங்க தொட்டித் தண்ணியை நீங்களே வச்சுக் குடிங்க"ன்னு சொல்லிட்டு, வெறுங்குடத்தோட போயிட்டா. அன்னைக்கு இருந்து ஓடையில போயி மணலைத் தோண்டி, ஊத்துத் தண்ணியைச் செரட்டையில மொண்டு கொண்டாந்து, அடுப்புல வச்சுக் கொதிக்க வைக்கிறா. அவ பின்னாலயே பாதி ஊரு போகுது. ஓடை தம்பி! நாய் படுக்குற எடம்! நெனைச்சாலே எனக்கு ஒடம்பு கூசுது. அவ புள்ளைக ரெண்டும் கொழுகொழுன்னு திரியுதுக, அது வேற விசயம். சில ஒடம்புக்கு அழுக்கு ஒத்துக்கிரும்.

தையில பஞ்சவர்ணம் ரெண்டாவது தடவை விழுந்து எந்திரிச்சா. எந்திரிச்சு ஒரு வாரம் இருக்கும், ஒருநா வயக்காட்டுல இருந்து வர்றேன், நாகஜோதி வீட்டு அடுப்படியில நின்னு இவ டம்ளர்ல தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கா. அந்த ஓடைத் தண்ணியை! டம்ளரைத் தட்டி விட்டேன். செவத்துல போயி விழுந்துச்சு. "ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது, நீயும் சேந்து சிரிக்கிறியா?"ன்னேன். அவ குனிஞ்சு டம்ளரை எடுத்து, கழுவிக் கவுத்தி வச்சுட்டு என் பின்னால வந்தா. அதுக்கப்பறம் எனக்குத் தெரிஞ்சு நம்ம தண்ணியைத் தவிர வேற தண்ணி குடிக்கலை. எனக்காகத்தான் குடிச்சா, அது எனக்குத் தெரியும்.

மாசியில நான் ஊர்ல இல்லை. மகன் கோயம்புத்தூர்ல வீடு கட்டுறான், கொத்தனாருகளைப் பாத்துக்கிற ஆள் வேணும்னு கூப்பிட்டான். ஒரு மாசத்துக்கு மேல இருந்துட்டேன். தொட்டி பூட்டிக் கெடக்கு, சாவி என் இடுப்புல. சனங்க பம்பு அடிச்சுத் தண்ணி புடிக்கலாம், மூடியைத் தொட முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை கூட வெளக்காமக் கெடந்துச்சு. எனக்கு அங்க தூக்கமே வரலை.

திரும்பி வந்து போன வாரம் வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்தேன். நான் நெனைச்ச மாதிரியே இருந்துச்சு. ஆடை, ஆடையாக் கோழை. குழாயில பழையபடி நூலு மாதிரி தண்ணி. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. மம்பட்டியை எடுத்தா, பஞ்சவர்ணம் ஓடி வந்து என் கையைப் புடிக்கிறா. சாவிக் கயித்தைப் புடிச்சு இழுக்கிறா! "வேணாங்க, இந்த ஒரு மாசமா ஊரு நல்லா இருக்குங்க, நானும் நல்லா இருக்கேங்க. அதை அப்படியே விட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"ங்கிறா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ என் கையைப் புடிச்சுத் தடுத்தது அதுதான் மொத தடவை. ஒதறி விட்டேன். அன்னைக்கு ரெண்டு பவுடர் பாக்கெட்டுப் போட்டுத் தேச்சேன். திங்கக்கிழமை காலையில படுத்துட்டா.

நேத்து வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில கெடந்தாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதானே. நாகஜோதி பாக்க வந்திருந்தா, அவளைக் கூட இருக்கச் சொல்லிட்டு மத்தியான பஸ்ஸுல ஊருக்குப் போயி வெளக்கிப் போட்டுட்டு, காலையில இந்தக் கேனைப் புடிச்சுக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா இவ கொஞ்சம் தெளிஞ்சு உக்காந்திருக்கா. பக்கத்துல நாகஜோதியோட பிளாஸ்க்கு, அந்தக் கொதிக்க வச்ச ஓடைத் தண்ணி. எனக்கு எரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரின்னும் பாக்காம அதைக் கொண்டு போயிச் சாக்கடையில கவுத்துட்டேன். நாகஜோதி அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டா. தெளிஞ்சது குளுக்கோஸ்ல தெளிஞ்சது தம்பி. இந்தச் சனங்களுக்கு எது எதால ஆகுதுன்னு யோசிக்கவே தெரியாது.

என்ன கேட்டீங்க? நான் கோயம்புத்தூர்ல இருந்தப்ப ஊர்ல எத்தனை பேருக்கு வந்துச்சுன்னா?

ஒருத்தருக்கும் வரலை. அதான் சொன்னேனே, இவளே சொன்னாளே.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் வர்றேன்னு தெரிஞ்சு பயந்து கையைக் காலைக் கழுவிச் சுத்தமா இருந்திருப்பாய்ங்க. வேற என்ன இருக்கும்? வேற என்ன இருக்குங்கிறீங்க?

இந்தா, மணியடிச்சுட்டாய்ங்க. உள்ள விடுவாய்ங்க. தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணணும் நீங்க. காலையில இருந்து இவ வாயைத் திறக்க மாட்டேங்கிறா. ஒரு டம்ளர் ஊத்திக்கிட்டுப் போறேன், ஒதட்டை இறுக்கி மூடிக்கிட்டுச் செவத்துப் பக்கம் திரும்பிக்கிறா. தண்ணி தண்ணின்னு நர்ஸம்மாகிட்டக் கேக்குறாளாம், என்கிட்ட வாங்க மாட்டேங்கிறா. வெளியாளு சொன்னாக் கேப்பா. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. தலையை லேசாத் தூக்கிப் புடிச்சுக்கிட்டா போதும், நான் ஊத்திருவேன்.

என்ன தம்பி, கேனை ஏன் புடிச்சு இழுக்கிறீங்க? வேணும்னா உங்களுக்கும் ஒரு டம்ளர் தர்றேன், உங்கப்பாவுக்கும் தர்றேன். கையை எடுங்க. கீழ கொட்டிரப் போகுது, நேத்துத்தான் வெளக்குனது. அவ நாக்கு வறண்டு கெடக்கா அங்க. விடுங்க தம்பி. விடுங்கய்யா, எம் பொண்டாட்டிக்குத் தண்ணி குடுக்கணும்.